திருகோணமலையில் வாழும் முன்னாள் அமெரிக்கப் படைவீரருக்கு வைத்தியச் செலவு கிடைக்குமா?

கேள்வி:

அக்கா, என் கணவருக்கு 53 வயது. 2002இல் கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து அமெரிக்கா போனவர். அடுத்த வருடம் அங்கே தரைப்படையில் சேர்ந்து, வாகனம் திருத்தும் பிரிவில் குவைத்திலும் ஈராக்கிலும் வேலை செய்து 2007இல் நல்லபடியாக விலகினார். 2009இல் எங்களுக்குக் கலியாணம். 2016இல் மாமிக்குப் பாரிசவாதம் வந்ததால் மகளையும் கூட்டிக்கொண்டு உப்புவெளிக்கே வந்துவிட்டோம். இடது முழங்காலுக்கும் காது இரைச்சலுக்கும் இயலாமை 10 வீதம், 10 வீதம் என்று போட்டு, மாதாமாதம் ஒரு தொகை அவருடைய அமெரிக்க வங்கிக் கணக்கில் விழுகிறது. 2019இலிருந்து தொய்வு (ஆஸ்துமா). தினமும் இன்ஹேலர். இந்த வருடம் இரண்டு தரம் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததில் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. இப்போது வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க அரசாங்கம் இந்தச் செலவைத் தராதா? எனக்கும் மகளுக்கும் வைத்தியக் காப்புறுதி உண்டா? அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்கள் கதி என்ன? கொழும்பில் ஒருவர் எல்லாம் எடுத்துத் தருகிறேன், வருகிற காசில் 20 வீதம் தாருங்கள் என்கிறார். இன்னொன்று, கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் இவர் எழும்பிப் போய் விடியும்வரை வாசலில் நிற்பார். அது இதோடு சம்பந்தமில்லை, சும்மா எழுதினேன்.

உப்புவெளி வாசகி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடைசி வரியை ‘சும்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். அதற்கு முன்னால் காசு விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதில் ஒரு காரியத்தை நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் 11 வருடம் சமூகப் பணியாளராக இருந்தவள் நான். ஊருக்குத் திரும்பிய பிறகும் இப்படியான கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே நினைப்பு ஓடுகிறது: படையில் இருந்தவர் என்றால் சாகும்வரை பென்ஷன், இலவச வைத்தியம். அது எங்கள் ஊர் நினைப்பு. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த ஊர் இது. டொக்யார்ட், நேவி என்றால் அரசாங்க உத்தியோகம், அரசாங்க உத்தியோகம் என்றால் பென்ஷன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அமெரிக்காவில் கணக்கு வேறு. படைக்கான ஓய்வூதியம் பொதுவாக 20 வருடம் சேவை முடித்தவருக்கு. உங்கள் கணவர் நாலு வருடம் இருந்தவர், ஆகவே அந்தக் கதவு இல்லை. ட்ரைகேர் என்று சொல்வார்களே, ஓய்வுபெற்ற படையினரின் குடும்பத்துக்கான காப்புறுதி, அதுவும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அவருக்குத் திறந்திருப்பது முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தின் கதவு. எல்லாரும் ‘விஏ’ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். 1980 செப்டம்பர் 7க்குப் பிறகு படையில் சேர்ந்தவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, 24 மாதம் தொடர்ச்சியாக அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுக்க சேவை செய்திருக்க வேண்டும். அவமதிப்பான முறையில் விலக்கப்பட்டவராக இருக்கக்கூடாது. இரண்டிலும் அவர் தேறிவிட்டார். ஆனால் விஏ ஆஸ்பத்திரியின் வைத்தியம் அமெரிக்க மண்ணோடு நின்றுவிடும். வெளிநாட்டில் விஏ நடத்தும் கிளினிக் ஒன்று பிலிப்பைன்ஸின் மணிலாவில் மட்டும் இருக்கிறது. கொழும்பில் இல்லை. தூதரகத்தில் போய்க் கேட்டாலும் வைத்தியச் செலவைத் தீர்மானிப்பது அவர்கள் இல்லை.

சரி, அப்படியானால் உப்புவெளியில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவத் திட்டம் என்று ஒன்று, சுருக்கமாக எஃப்எம்பி. வெளிநாட்டில் வசிக்கிற அல்லது பயணம் செய்கிற முன்னாள் படையினருக்கு, படைச் சேவையால் வந்தது என்று விஏ எழுத்தில் ஏற்றுக்கொண்ட வருத்தத்துக்கான வைத்தியச் செலவை அது தரும். அதோடு, ஏற்றுக்கொண்ட வருத்தத்தை மோசமாக்குகிற வருத்தத்துக்கும் தரும். காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் தராது. குறிப்பிட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இங்குள்ள பதிவுபெற்ற வைத்தியரிடமே பார்க்கலாம். 10-7959எஃப்-1 என்ற படிவத்தை நிரப்பி அமெரிக்காவில் இருக்கும் அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்கு அனுப்பிப் பதிந்தால், என்னென்ன வருத்தத்துக்குத் தருவோம் என்று ஒரு கடிதம் வரும். 2016இலிருந்து இங்கே இருக்கிறீர்கள், இந்தப் பதிவு நடந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நடக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இனி உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் கடதாசிகளுக்கு வருவோம். விஏ ஏற்றுக்கொண்டது இடது முழங்கால். சத்திரசிகிச்சை சொல்லியிருப்பது வலது முழங்காலுக்கு. நீங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள், வீட்டில் அது ‘கால் வருத்தம்’ என்ற ஒரே பெயரில் கிடக்கும். எஃப்எம்பி அலுவலகத்தில் இருக்கும் எழுதுநருக்கு அது இரண்டு வருத்தம். இன்றைய நிலையில் வலது காலின் பில்லை அனுப்பினால் ‘இது எங்கள் பட்டியலில் இல்லை’ என்று ஒரு வரியில் திரும்பி வரும்.

ஆனால் இதற்கு வழி உண்டு. இடது காலை நோகாமல் வைக்க வலது காலில் பாரம் போட்டு 18 வருடம் நடந்தவர் அவர். ஏற்றுக்கொண்ட ஒரு வருத்தத்தால் இன்னொரு வருத்தம் வந்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். அதற்கு எலும்பியல் வைத்தியர் ஒரு பந்தி எழுதித் தர வேண்டும்: இடது முழங்காலின் குறையால் நடை மாறி, அதனால் வலது முழங்கால் தேய்ந்திருக்க குறைந்தது சரிபாதி வாய்ப்பு இருக்கிறது, இன்ன காரணத்தால். விஏ கேட்கும் அளவுகோல் அந்தச் சரிபாதிதான். வைத்தியர் நூறு வீதம் சத்தியம் செய்யத் தேவையில்லை. எங்கள் வைத்தியர்கள் ‘இருக்கலாம்’ என்று எழுதித் தருவார்கள். ‘இருக்கலாம்’ போதாது, ‘சரிபாதி அல்லது அதற்கு மேல்’ என்ற கருத்தும் அதற்குக் காரணமும் ஆங்கிலத்தில் வர வேண்டும். இதைத் துண்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

சத்திரசிகிச்சை அவசரம் என்று வைத்தியர் சொன்னால் எந்தப் படிவத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். பொது வைத்தியசாலையில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அவசரமில்லை, ஆறேழு மாதம் தாங்கும் என்றால் மட்டும் விண்ணப்பத்தை முன்னால் விட்டு, சிகிச்சையைப் பின்னால் வையுங்கள்.

அடுத்தது தொய்வு. இதில்தான் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2022 ஓகஸ்ட் 10 அன்று அமெரிக்காவில் பாக்ட் சட்டம் என்று ஒன்று கையெழுத்தானது. ஈராக், குவைத் போன்ற இடங்களில் முகாம்களின் குப்பையை, பிளாஸ்டிக், பற்றரி, எரிபொருள், மருத்துவக் கழிவு எல்லாவற்றையும், பெரிய குழிகளில் போட்டு வெளியில் எரித்தார்கள். பாக்தாதுக்கு வடக்கே பலாட் தளத்தில் இருந்த குழி அவற்றில் பேர்போனது. அந்தப் புகைக்குள் வேலை செய்தவர்கள் பிறகு மூச்சு வருத்தத்தோடு வந்தபோது, ‘அந்தப் புகையால்தான் வந்தது என்று நிரூபி’ என்று வருடக்கணக்கில் அலைக்கழித்தார்கள். என் மேசைக்கு முன்னால் இருந்து அழுத ஆட்களை நான் மறக்கவில்லை. பாக்ட் சட்டம் அந்தச் சுமையை எடுத்துவிட்டது. 1990 ஓகஸ்ட் 2 முதல் ஈராக், குவைத் உட்பட்ட நாடுகளில் சேவை செய்தவருக்கு, சேவை முடிந்த பிறகு தொய்வு கண்டுபிடிக்கப்பட்டால், அது சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். நாட்பட்ட சைனஸ் அழற்சி, நாட்பட்ட மூக்கழற்சி, நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, சில புற்றுநோய்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2007இல் விலகியவருக்கு 2019இல் வந்ததே என்று யோசிக்க வேண்டாம், தொய்வுக்கு அந்த இடைவெளி தடையில்லை.

அவர் காட்ட வேண்டியது இரண்டே விஷயம். அங்கே இருந்தார் என்பது. இப்போது வருத்தம் இருக்கிறது என்பது. முதலாவதுக்கு டிடி 214 என்ற விடுவிப்புப் பத்திரம். அதில் இரண்டு விதப் பிரதி உண்டு. சின்னப் பிரதியில் எந்த விதமாக விலகினார் என்ற பகுதி இருக்காது. உங்களிடம் இருப்பதில் 24ஆம் கட்டத்தைத் தேடிப் பாருங்கள், விலகிய விதம் அங்கேதான் இருக்கும். 18ஆம் கட்டத்தில் குவைத், ஈராக் என்ற பெயர்களும் திகதிகளும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 24ஆம் கட்டமே இல்லை என்றால் அது சின்னப் பிரதி. செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள படையாளர் ஆவணக் காப்பகத்திடம் முழுப் பிரதியைக் காசில்லாமல் கேட்டு எடுக்கலாம்.

இரண்டாவதுக்கு, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் அறிக்கை, கிளினிக் கொப்பியின் பிரதி, இன்ஹேலர் எழுதிய துண்டுகள். வீதம் எப்படிப் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடதாசி ஏன் தேவை என்பது விளங்கும். இடைக்கிடை இன்ஹேலர் எடுப்பவருக்கு 10 வீதம். தினமும் எடுப்பவருக்கு 30. வருடத்தில் குறைந்தது மூன்று தரம் ஸ்டெரொயிட் குளிசையோ ஊசியோ கொடுக்க வேண்டி வந்தால், அல்லது முட்டு கூடி மாதம் ஒரு தரமாவது வைத்தியரிடம் ஓட வேண்டி வந்தால் 60. ஊதும் பரிசோதனையின் எண்கள் மோசமாக இருந்தாலும் அந்த வீதங்கள் கிடைக்கலாம். இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்போது ஸ்டெரொயிட் கொடுத்திருப்பார்கள். நோய் நிர்ணய அட்டையில் அந்த மருந்தின் பெயர் இருக்கிறதா? இல்லாவிட்டால் இப்போதே போய்க் கேட்டு எழுதி எடுங்கள். ஆறு மாதம் போனால் கோப்பைத் தேடுவதே வேலையாகிவிடும்.

தினசரி இன்ஹேலர் என்ற அளவில் 30 கிடைத்தது என்று வைப்போம். இருக்கிற 10, 10 ஆகியவற்றோடு கூட்டினால் 50 வருமே என்று நினைப்பீர்கள். விஏயின் கூட்டல் அப்படி இல்லை. முழு மனிதரை 100 என்று வைத்து 30ஐக் கழித்தால் மீதி 70. அந்த 70இல் 10 வீதம் 7, ஆக 37. மீதி 63இல் 10 வீதம் கிட்டத்தட்ட 6, ஆக 43. அதைக் கிட்டிய பத்துக்கு மாற்றி 40 என்று தருவார்கள். 50 வரவில்லை என்று யாரும் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் 30 வீதத்தை எட்டினாலே இன்னொரு வாசல் திறக்கும்: மனைவிக்கும் பிள்ளைக்கும் என்று மாதத் தொகையில் மேலதிகம் சேரும். அதற்குத் திருமணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டீர்களா, பதிவும் செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி வையுங்கள். பதியாமல் இருந்தால் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய காரியம் என்றேனே, அது இதுதான். முழு விண்ணப்பத்துக்கான கடதாசிகள் சேர மாதங்கள் ஆகும். அதற்கு முன்னால் ‘விண்ணப்பிக்கப் போகிறேன்’ என்று ஒரு அறிவித்தல் கொடுக்கலாம். படிவ இலக்கம் 21-0966, இணையத்திலும் செய்யலாம், பத்து நிமிட வேலை. அதைக் கொடுத்த திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், பணம் கணக்கிடுவது பொதுவாக அந்த அறிவித்தல் திகதியிலிருந்து. எஃப்எம்பியும் அப்படித்தான், வருத்தம் எந்தத் திகதியிலிருந்து ஏற்கப்படுகிறதோ அதற்குப் பிந்திய பில்லைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அறிவித்தல் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கையிலிருந்து போகிற மாதம். ஏற்கனவே செலவான இரண்டு லட்சம் திரும்பி வரும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். அந்தச் செலவு அறிவித்தலுக்கு முந்தியது. ஆனால் அந்தப் பில்லையும் அட்டையையும் எறியாதீர்கள், வருத்தம் இருந்ததற்கு அதுவே சாட்சி.

பில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், கிழக்கு மாகாணத்தில் குடியிருந்தவர், முதுகுச் சிகிச்சை முடிந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லை அப்படியே அனுப்பினார். பில்லில் இருந்தது ‘வைத்தியக் கட்டணம், 85,000’ என்று ஒரே ஒரு வரி. திரும்பி வந்துவிட்டது. என்ன வருத்தம், எந்தத் திகதியில் என்ன செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, வைத்தியரின் பெயரும் முகவரியும் என்ன என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். காசு கட்டும் இடத்தில் நின்று விவரமான பில் தாருங்கள் என்று கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். மருந்தென்றால் வைத்தியர் எழுதிய துண்டும் பாமசி பில்லும் சேர்ந்தே போக வேண்டும். அமெரிக்காவில் அங்கீகாரம் இல்லாத மருந்துக்குத் தரமாட்டார்கள், அதனால் ஆயுர்வேத, சித்த மருந்துச் செலவை இதில் சேர்க்க வேண்டாம். சிகிச்சை நடந்த நாளிலிருந்து, அல்லது வருத்தத்தை விஏ ஏற்ற நாளிலிருந்து, இரண்டு வருடத்துக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும்.

எங்கள் அரசாங்க வைத்தியசாலையில் பில்லே இல்லை. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அமெரிக்காவில் அம்புலன்ஸ் பில்லைப் பார்த்து விறைத்த ஆட்களோடு இருந்த எனக்குத் தெரியும். பில் இல்லாததால் அங்கே கோரிக்கை போடவும் ஒன்றும் இல்லை. ஆனால் கிளினிக் கொப்பி இருக்கிறது. மாதாமாதம் திகதி, அழுத்தம், மருந்து, வைத்தியரின் கையெழுத்து என்று வரிசையாக இருக்கும் அந்த ஒரு கொப்பி, தனியார் இடத்துப் பத்துப் பில்லை விடப் பெறுமதி. கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். கொப்பி முடிந்து புதுக் கொப்பி தரும்போது பழையதைத் தொலைக்காமல் வாங்கி வையுங்கள்.

உங்களுக்கும் மகளுக்கும் காப்புறுதி கேட்டீர்கள். இப்போதைக்கு இல்லை. சாம்ப்விஏ என்ற குடும்பத் திட்டம், படைவீரர் நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாதவர் என்று விஏ தீர்மானித்தால், அல்லது சேவையால் வந்த வருத்தத்தில் இறந்தால் கிடைக்கும். 20 வீதத்துக்கும் 40 வீதத்துக்கும் கிடையாது.

அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன என்ற கேள்வியை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும். கேட்டது சரி. சேவையால் வந்தது என்று ஏற்கப்படும் ஒரு வருத்தத்தால் அவர் இறந்தால், அல்லது அந்த வருத்தம் மரணத்துக்குக் கணிசமான காரணமாக இருந்தால், மனைவிக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு. பிள்ளைக்கு 18 வயது வரை, படித்துக்கொண்டிருந்தால் 23 வரை கணக்கில் எடுப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டில் உயிர் போனால் மரணச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். பல வருடமாகத் தொய்வு இருந்தது என்ற விஷயம் அதற்குள் மறைந்துவிடும். அந்த நேரத்தில் யாருக்கும் இதைப் பற்றி யோசிக்க முடியாது. அதனால்தான் இன்று சொல்கிறேன்: அவர் நன்றாக இருக்கும்போதே தொய்வை விஏயின் கடதாசியில் ஏற்றி வையுங்கள், கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் காட்டி வையுங்கள்.

கொழும்பு ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்க யாரும் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். தீர்ப்பு வந்த பிறகு அதை எதிர்த்துப் போகும்போதுதான், அதுவும் விஏ அங்கீகரித்த வழக்கறிஞரோ முகவரோ, கட்டணம் வாங்கலாம். டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ், அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதைக் காசில்லாமல் செய்கிறார்கள், வெளிநாட்டில் இருப்பவருக்கும் செய்வார்கள். அந்தக் கொழும்பு ஆளிடம் உங்கள் கணவருடைய வங்கி விவரத்தையோ விஏ கணக்கின் கடவுச்சொல்லையோ ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். அதோடு விஏயிடம் இருக்கும் முகவரி இன்னும் பழைய அமெரிக்க வீடா என்றும் பாருங்கள். பரிசோதனைக்கு வரச் சொல்லி அவர்கள் போடும் கடிதம் அங்கே போய்க் கிடந்து, இவர் வரவில்லை என்று எழுதிவிட்டால், இப்போது வருகிற தொகைக்கே ஆபத்து.

இனி வாசலில் நிற்கிற மனிதருக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடாதவர் யார்? ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அதனால் அதை ஒரு வருத்தமாக நாங்கள் எண்ணுவதே இல்லை. ‘அவருக்கு வெடி ஒத்துவராது’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறோம். அதுவும் அவர் இரண்டு பக்கத்தாலும் சுமந்தவர். சின்ன வயதில் இந்த மண்ணில் கேட்டது, பிறகு ஈராக்கில் கேட்டது. விடியும்வரை வாசலில் நிற்பது, வீட்டைக் காவல் காப்பது, ஆட்கள் கூடும் இடத்துக்குப் போகாமல் விடுவது, சின்ன விஷயத்துக்குக் கோபம் வருவது, இவையெல்லாம் அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தம் என்ற வருத்தத்தின் அடையாளங்களாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. என்ன வருத்தம் என்பதை நேரில் பார்க்கிற மனநல வைத்தியர்தான் சொல்ல வேண்டும், அதனால் முதலில் அவரை அங்கே கூட்டிப்போங்கள். பொது வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஒரு இரவில் அவர் சொல்வது உங்களைப் பயமுறுத்தினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இதுவும் விஏ ஏற்கக்கூடிய வருத்தம். 2010இலிருந்து ஒரு நல்ல விதி இருக்கிறது: எதிரித் தாக்குதல் நடக்கும் என்ற பயத்தோடு வாழ்ந்ததால் வந்ததென்றால், சண்டையில் நேரே நின்றார் என்பதற்கு ஆவணம் தேடத் தேவையில்லை. அவருடைய சேவை இடத்தோடும் சூழ்நிலையோடும் பொருந்தினால் அவருடைய சொல்லே போதும், விஏ ஏற்பாடு செய்யும் மனநல நிபுணர் அதை உறுதிப்படுத்த வேண்டும். நடந்ததை எழுத 21-0781 என்ற படிவம் இருக்கிறது. எழுதும்படி அவரை நெருக்க வேண்டாம். வாகனம் திருத்தியவன், நான் என்ன சண்டையா பிடித்தேன் என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்ன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இரவில் மோட்டார் குண்டு விழுந்த முகாமில் படுத்தவர்கள்தான் அவர்கள் எல்லாரும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கூட இருப்பவரின் வாக்குமூலத்துக்கு 21-10210 என்று ஒரு படிவம். மனைவி எழுதலாம். வைத்தியச் சொல் ஒன்றும் வேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். எந்த வருடத்திலிருந்து நிற்கிறார். எந்த மாதங்களில் கூட. கையில் என்ன வைத்திருப்பார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா, பார்க்க மாட்டாரா. மகள் எழும்பி வந்தால் என்ன சொல்லி அனுப்புவார். அடுத்த நாள் காலையில் அதைப் பற்றிப் பேசுவாரா. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்க்கலாம். எழுதத் தொடங்கும் முன் அவரிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாமல் எழுத வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் எழுதியதை அனுப்பாமல் பெட்டியில் வைத்திருங்கள். சரி என்றால், தொய்வு விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்பலாம்.